இஸ்திரிக்காரர் தேய்த்த முகம்

சினிமாக்காரர்கள் அந்தப் புகைப்படக்காரருக்கு வைத்த பட்டப்பெயர் 'இஸ்திரிக்காரர்'. எத்தனை சுருக்கம் விழுந்த முகமானாலும் அவருடைய கம்ப்யூட்டருக்குள் போய் வந்தால் மொழுமொழுவென்று ஆகிவிடும். முப்பது வருடமாக நட்சத்திரங்கள் அவரைத் தேடி வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. திருத்திய படத்தை அசலின் மேலேயே பதிந்து, அசலை இல்லாமல் செய்துவிடுவார். கருவளையமும் தொப்பையும் வெளியே கசியாது.

"அண்ணே, கழுத்தக் கொஞ்சம் தேய்ச்சு விடுங்க" என்பாள் நடிகை.

"பெட்டி சூடாத்தாம்மா இருக்கு, உட்காரு" என்பார்.

அவர் மனைவிக்குப் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏறினால் முடி கொட்டிவிடும் என்றார் டாக்டர். மருந்து ஏற்றுவதற்கு முந்தின நாள் காலை, அவள் தானாகவே ஸ்டுடியோவுக்கு வந்து நடிகைகள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னையும் ஒண்ணு எடுங்க. நம்ம பொண்ணு வீட்டுல மாட்டிக்கட்டும்."

"இத்தன வருஷமா கேக்கவே இல்லியே?"

"உங்களுக்கு எங்க நேரம் இருந்துச்சு?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு ஒரே ஒரு படம். அதற்குமேல் உட்கார அவளுக்குத் தெம்பில்லை.

அன்றைக்கே திருத்தினார். ஆசை ஆசையாகத்தான் செய்தார். கண்ணோரக் கோடுகள் போயின, கன்னத்து மச்சம் போனது. வழக்கம்போல் அசலின் மேலேயே பதிந்தார். பழகிய கை, மனசைக் கேட்கவில்லை.

நாலு மாதத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

மகள் அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றாள்.

"யாருப்பா இது?"

"என்னம்மா கேள்வி? உங்கம்மாதான்."

"அம்மா சிரிச்சா கண்ணு ரெண்டும் சுருங்கிக் காணாமப் போயிடுமேப்பா. திருத்தாதது இருக்குமில்ல, அதக் குடுங்க."

அவர் தலை குனிந்தார். மகளுக்குப் புரிந்துவிட்டது.

"அம்மாவையுமா தேய்ச்சுட்டீங்க?"

படத்தை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவர் அந்தப் படத்தில் தேய்த்ததை எல்லாம் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறார். கல்யாண ஆல்பமும் உதவவில்லை. அதையும் அவர்தான் எப்போதோ தேய்த்துப் புதுப்பித்து வைத்திருந்தார். கைபேசி நிறைய நடிகைகள். எந்த நாயகனுக்கு எந்தப் புருவத்தில் தழும்பு, எந்த நாயகிக்கு எந்தக் காதோரம் மச்சம், எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

மனைவியின் மச்சம் இடது கன்னத்திலா, வலது கன்னத்திலா?

மகளைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். எந்த முகத்தோடு கேட்பார்? படத்தில் மச்சமில்லாத அந்த இரண்டு கன்னங்களையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.