வானத்துக்குக் கொஞ்சம் கலர் கூட்டுங்க

விமானிகளுக்குப் பயிற்சி தரும் சிமுலேட்டரில் வானத்தைச் சரிசெய்வது என் வேலை. வானம் நன்றாக இருந்தால் யாரும் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை, நன்றாக இல்லாவிட்டால் எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள்.

வீட்டில் டிவிக்குக் கலர் வைத்து நாலு பேரிடம் நாலு விதமாகத் திட்டு வாங்கியவர்களே, கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணைச் சிவப்பாக்கச் சொல்லிக் கேட்கப்பட்ட ஸ்டூடியோக்காரர்களே, பந்தியில் சாம்பாருக்கு உப்புப் போட்டவர்களே, நாமெல்லாம் ஒரே ஜாதி. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

சிமுலேட்டர் என்பது இடத்தை விட்டு நகராத விமானம். உள்ளே நிஜ விமானத்தின் காக்பிட். அடியில் எண்ணெயால் இயங்கும் ஆறு கால்கள். அவை ஆட்டுகிற ஆட்டத்தில் பறக்கிற மாதிரியே இருக்கும். மேலே மூன்று புரொஜெக்டர்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குழாய்கள். மூன்று நிறப் படங்களும் ஒன்றின் மேல் ஒன்றாக அச்சுப் பிசகாமல் விழுந்தால் ஜன்னலுக்கு வெளியே ரன்வே தெரியும். பிசகினால் ஒரு விளக்கு மூன்றாகத் தெரியும். பிசகாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அது நான்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரு விமான நிலையச் சாலைப் பக்கம் இருந்த அந்தப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். அதற்கு முன் மர்பி டவுனில் டிவி ரிப்பேர். மிச்ச நேரத்தில் ஒரு பத்திரிகையின் சிறுவர் பக்கத்துக்கு ‘ஆறு வித்தியாசம் கண்டுபிடி’ படம் போடுவேன். சேர்ந்த அன்றே மேனேஜர் ஸ்ரீநாத் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். கன்னடக்காரர், நம்மிடம் தமிழ் பேசுவார். ஆனால் உத்தரவு மட்டும் கன்னடத்தில் வரும்.

“வருஷத்துக்கு ஒரு தடவை மிஷினைச் சோதிக்க கவர்மென்ட் இன்ஸ்பெக்டர் வருவார். அவர் ஓகே சொன்னா நீங்க பர்மனென்ட். சொல்லலைன்னா மிஷினுக்கு சீல், உங்களுக்கு டாட்டா.”

முந்தானை

மூன்று புரொஜெக்டரும் சேர்ந்து ஒரே வானத்தைக் காட்ட வேண்டும். நான் சேர்ந்தபோது அவை ஆளுக்கொரு வானம் காட்டிக்கொண்டிருந்தன. பயிற்சி கொடுக்கிற கேப்டன் ராகவன், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், முதல் நாளே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “இடது பக்கம் ஆகாச நீலம், நடுவுல ஆனந்தா நீலம், வலது பக்கம் மயில்கழுத்து. வானமாய்யா இது, புடவைக் கடை!”

நிறத்தை அளக்கும் கருவி ரிப்பேருக்காக வெளிநாடு போயிருந்தது. போன கருவி திரும்பி வருவது பற்றி யாருக்கும் தெரியவில்லை. சிமுலேட்டரின் கால்களுக்கு எண்ணெய் பார்க்கும் அன்வர், சிவாஜிநகர்க்காரர், ஒரு யோசனை சொன்னார். அவர் தெருவில் ஒரு மேட்சிங் கடை. ஜாக்கெட் துணியில் அவர்களிடம் இல்லாத நீலம் உலகத்தில் இல்லை. ஒரு துண்டு வாங்கி வந்து மூன்று பக்கமும் அதற்கு ஒத்துப்போகிற மாதிரி வைத்துவிட்டால் முடிந்தது.

கடைக்காரர், “எந்தப் புடவைக்கு?” என்று கேட்டார். அன்வர் கூச்சப்படாமல், “ஆகாசத்துக்கு” என்றார். துணி வந்தது. ஆனால் காக்பிட்டுக்குள் ஒரே இருட்டு. டார்ச் அடித்துப் பார்த்தால் துணி பச்சையாகத் தெரிந்தது. கடைசியில் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கண்ணை நம்பி ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். வலது புரொஜெக்டரின் நீலக் குழாய் மட்டும் வயதாகிப் போனதால் சொன்னபடி கேட்கவில்லை. கேப்டன் வந்து உட்கார்ந்தார், இடமிருந்து வலமாக ஒரு தடவை பார்த்தார்.

“பரவாயில்லைய்யா. இப்ப ஒரே புடவைதான். முந்தானை மட்டும் வேற.”

லால்பாக்

மேனேஜருக்கு விமானம் ஓட்டத் தெரியாது. ஆனால் விருந்தினர்களைக் கூட்டிவந்து காட்டத் தெரியும். காட்டும்போது அவர் கண்ணில் பட்டதெல்லாம் ரன்வேக்குப் பக்கத்தில் இருந்த புல்தான். “ஏன்ரீ, புல்லு காஞ்சு போயிருக்கு? நம்ம ஊரு லால்பாக் தோட்டம் மாதிரி இருக்க வேணாமா? ஸ்வல்ப கலர் ஜாஸ்தி மாடி.”

மாடினேன், அதாவது பச்சைக் குழாயைக் கூட்டினேன். ஆனால் அது புல்லுக்கு மட்டும் கூடுகிற சமாசாரம் இல்லை; திரையில் இருக்கிற எல்லாவற்றின் தலையிலும் ஒரு கரண்டி பச்சை ஊற்றும். சிவப்போடு பச்சை சேர்ந்தால் என்ன ஆகும் என்று சிறுவர் பக்கம் படிக்கிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். வாட்டர் கலரில் சேர்த்தால் சேறு, வெளிச்சத்தில் சேர்த்தால் மஞ்சள், கொஞ்சமாகச் சேர்த்தால் ஆரஞ்சு.

இதில் என்ன வினை என்றால், ரன்வே ஓரத்தில் நாலு விளக்குகள் உண்டு. விமானம் அதிக உயரத்தில் வந்தால் நாலும் வெள்ளை. தாழ்ந்து வந்தால் நாலும் சிவப்பு. இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான உயரம். விமானியின் உயிரே அந்த நாலு விளக்கில்தான். மறுநாள் பயிற்சிக்கு வந்த சேலத்துப் பையன் செந்தில், ரன்வேக்கு வெகு முன்னாலேயே, மேனேஜரின் அழகான புல்லில் விமானத்தை இறக்கினான். காக்பிட்டே சிவப்பு விளக்கும் அலறலுமாக நின்றது.

“நாலும் சிவப்பா இருந்துச்சே, கண்ணு தெரியலையா?” என்று கேப்டன் கத்தினார்.

செந்தில் மரியாதையாகச் சொன்னான்: “ஆரஞ்சுதான் சார் தெரிஞ்சுது. ஆரஞ்சுக்கு என்ன பண்ணணும்னு புக்குல ஒண்ணும் போடலையே சார்.”

அன்று சாயங்காலம் பச்சையைக் குறைத்தேன். அடுத்த விருந்தினருக்குக் கூட்டினேன். பிறகு குறைத்தேன். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று யாராவது விருந்தினர் வந்துவிடக் கூடாதே என்பதுதான் அந்த வருஷம் முழுக்க என் பிரார்த்தனை. நாலு விளக்கும் ஆரஞ்சாக இருந்தால் சீல், டாட்டா, மறுபடி மர்பி டவுன்.

கறுப்புக் கண்ணாடி

பயிற்சிக்கு வருகிற விமானிகளில் ஒருவர், “படம் ஒரே டல்லா இருக்கே, கூட்டுப்பா” என்பார். கூட்டுவேன். “இன்னும்.” கூட்டுவேன். குழாயின் ஆயுள் என் கண்முன்னே கரையும். ஒரு நாள் வேறு வேலையாக காக்பிட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். ஜன்னல் இல்லாத கட்டடம், விளக்கணைத்த அறை, அதற்குள் மூடிய காக்பிட். அதில் அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“சார், அந்தக் கண்ணாடியை...” என்று இழுத்தேன்.

“இதைக் கழட்டிட்டா கேப்டன்னு யாருப்பா நம்புவாங்க?”

ரிப்பேர் ஆகாத பார்ட்

காக்பிட்டில் விமானிகளுக்குப் பின்னால், பயிற்சியாளர் உட்காரும் மேஜையில், ஒரு கறுப்புக் குமிழ் இருந்தது. எப்போதோ இருந்த ஒரு ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வைத்தது. ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் குமிழை விட்டுவிட்டார்கள். பின்னால் ஒயர்கூடக் கிடையாது, வெறும் காற்று.

ஒரு நாள் அதே கறுப்புக் கண்ணாடிக்காரர், படம் ஷார்ப்பாக இல்லை என்று ஆரம்பித்தார். நான் புரொஜெக்டர் பக்கம் ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். இறங்கி வருவதற்குள் அவரே பொறுமை இழந்து, “இதுவா?” என்று அந்தக் குமிழைப் பிடித்து வலது பக்கம் திருகினார். “ஆங்! இப்பப் பாரு, எப்படி ஷார்ப் ஆயிடுச்சு!”

நான் ஏணியிலேயே நின்றேன். எனக்கு மறுத்துப் பேசத் தெரியாமல் இல்லை. ஆனால் டிவி ரிப்பேர் பார்த்த காலத்தில் ஒன்று கற்றிருந்தேன்: சந்தோஷமாக இருக்கிற வாடிக்கையாளரிடம் ஒயர் எங்கே போகிறது என்று பேசக் கூடாது.

அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும், “உங்க பின்னாடி நாப் இருக்கு சார், உங்க கண்ணுக்குத் தகுந்த மாதிரி வெச்சுக்கங்க” என்றேன். ஒருவர் கூட்டினார், படம் பளிச்சென்று ஆனதாம். அடுத்தவர் குறைத்தார், இப்போதுதான் கண் கூசவில்லையாம். இரண்டு விமானிகள் அதன் பொருட்டு வாக்குவாதமே செய்தார்கள். மேனேஜர் ஒரு தடவை திருகிப் பார்த்துவிட்டு, இது நம் நிலையத்தின் ஸ்பெஷாலிட்டி என்று எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தார். என் வானம் முதல் தடவையாக என் கட்டுப்பாட்டில் இருந்தது. ரகசியம் தெரிந்தது எனக்கும் அன்வருக்கும் மட்டும். அவர் அதன் மேல் ‘கலர் – ஷார்ப்’ என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டுச் சொன்னார்:

“இந்த மிஷின்லயே ரிப்பேர் ஆகாத பார்ட் இது ஒண்ணுதான் குரு.”

பத்து மணிக்கு ஷார்ப்

கடைசியில் இன்ஸ்பெக்டர் வருகிற நாள் நெருங்கியது. முந்தின நாள் விருந்தினர்கள் வந்துவிட்டுப் போயிருந்தார்கள். புல் லால்பாக் ஆகியிருந்தது. “அப்படியே இருக்கட்டும். இன்ஸ்பெக்டரும் மனுஷர்தானே, அவருக்கும் பச்சை பிடிக்காதா?” என்று சொல்லிவிட்டு மேனேஜர் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் சொன்னபடி விட்டால் ஆரஞ்சு விளக்கு, என் வேலை போகும். அவர் பேச்சை மீறினாலும் என் வேலை போகும். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது மேனேஜர் வீட்டிலிருந்து போன். எடுத்தவர் அன்வர்.

“நாளெ ஹத்து கண்டெகெ ஷார்ப் ஆகி இர்பேக்கு அந்த ஹேளு” என்றாராம் மேனேஜர். அன்வர் என்னிடம் வந்து மொழிபெயர்த்தார்: “நாளைக்குப் பத்து மணிக்கு ஷார்ப்பா இருக்கணுமாம்.”

“எது?”

அன்வர் யோசித்தார். “உன் டிபார்ட்மென்ட்ல வேற எது? படம்தான்.”

உத்தரவு உத்தரவுதான். காலையில் முதல் பஸ் பிடித்து வந்து, பச்சை வழிகிற படம் ஷார்ப்பாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதைக் குறைத்து, ஒவ்வொரு குழாயின் ஃபோகஸையும் திருப்பித் திருப்பி வைத்தேன். ரன்வே விளக்குகள் கடுகு மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகளாயின. சிவப்பு சிவப்பாக நின்றது. வெள்ளை வெள்ளையாக நின்றது. புல் மறுபடி காய்ந்தது.

மேனேஜர் டை கட்டிக்கொண்டு சரியாகப் பத்து மணிக்கு வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர் முகமும் காய்ந்தது. பின்னால் இன்ஸ்பெக்டர் படியேறும் சத்தம். அதனால் அவர் என் காதருகே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

“ஷார்ப்பா இருக்கச் சொன்னது உங்களை, உங்க புல்லை இல்லரீ!”

பழைய இடம்

இன்ஸ்பெக்டர் சென்னைக்காரர். ஒல்லியான, சிரிக்காத மனிதர். விமானி சீட்டில் உட்கார்ந்து உயரமாக வந்தார், நாலும் வெள்ளை. தாழ்ந்து வந்தார், நாலும் சிவப்பு. சரியாக வந்தார், இரண்டும் இரண்டும். ஜன்னலில் மூக்கு படக் குனிந்து விளக்குகளைப் பார்த்தார். “ம்” என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் காய்ந்த புல் மேனேஜரை உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்கு ஈடாக எதையாவது காட்ட வேண்டுமே! “சார், எங்ககிட்ட ஒரு ஸ்பெஷல் வசதி இருக்கு. கலர், ஷார்ப்னஸ், ரெண்டும் ஒரே நாப்ல” என்று அந்தக் குமிழைக் காட்டினார்.

வந்த பாதி உயிரும் திரும்பிப் போயிற்று. அங்கீகாரம் கேட்கிற மிஷினில் ஒவ்வொரு குமிழும் தன் மேல் எழுதியிருப்பதைச் செய்தாக வேண்டும். பேனலைக் கழற்றிக் காட்டு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், பின்னால் இருக்கிற காற்றைத்தான் நான் காட்ட முடியும். வாசலில் நின்ற அன்வர், எண்ணெய் பார்க்கிற சாக்கில் மறைந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் குமிழை வலது பக்கம் திருகினார். திரையைப் பார்த்தார். இடது பக்கம் திருகினார். மறுபடி பார்த்தார். வானமும் புல்லும் அசையவில்லை.

“பார்த்தீங்களா சார், என்ன டிஃபரன்ஸ்!” என்றார் மேனேஜர், மனப்பூர்வமாக.

“ரொம்ப ஷார்ப்” என்றார் கேப்டன் ராகவன். அவருக்கும் உண்மையாகவே அப்படித்தான் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னால், தெரிகிற இரண்டு பேர் எதிரே நிற்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றினார், கைக்குட்டையால் துடைத்தார், போட்டுக்கொண்டார். குமிழை இன்னொரு முறை, இந்தத் தடவை மிக மெதுவாகத் திருகினார். பிறகு என் பக்கம் திரும்பி, நிபுணர் ஒருவர் இன்னொரு நிபுணரிடம் பேசுகிற குரலில் சொன்னார்:

“கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு. பழைய இடத்துலயே வெச்சிடுங்க.”

அந்த மாதமே என் வேலை நிரந்தரமாயிற்று; ஆனாலும் சொல்கிறேன், சிறுவர் பக்கத்தில் ஆறு வித்தியாசத்தில் ஒன்று குறைந்தால்கூடப் பிள்ளைகள் சண்டைக்கு வந்துவிடுவார்கள், பெரியவர்களுக்கு வித்தியாசமே வேண்டாம், திருகுவதற்கு ஒரு குமிழ் இருந்தால் போதும்.