மேலூர்ப் பக்கம் ஓர் ஆளில்லாத ஊர்

காலை எட்டு மணிக்கு மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினேன். மடியில் லேப்டாப், அதற்குள் மதுரை முழுவதும். சும்மா சொல்லவில்லை. செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் அலை தரையில் பட்டுத் திரும்புவதை, சற்றே விலகிய இரண்டு இடங்களிலிருந்து பதிவு செய்கிறார்கள். அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துக் கட்டடங்களின் உயரத்தைக் கணக்கிட்டு முப்பரிமாண வரைபடம் போடுவது என் வேலை. இருட்டோ மேகமோ அதற்குத் தடையில்லை. அவனியாபுரத்து ஒர்க்‌ஷாப் முதல் பரவை மார்க்கெட் வரை எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்துவிட்டேன்.

மேலூரைத் தாண்டி ஓர் இடத்தில் வரிசை வரிசையாக வீடுகள் தெரிந்தன. வேறெந்த மேப்பிலும் அங்கே ஊரே இல்லை. வீடுகளின் அளவை வைத்து எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணிப்போம். புதிய குடிநீர்த் தொட்டிகளுக்கு இடம் சொல்ல அந்தக் கணிப்புதான் குடிநீர் வாரியத்துக்குப் போகிறது. அங்கே ஒரு தொட்டி வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். அனுப்பும் முன் நேரில் பார்க்க வேண்டும். புது ஊரைக் கண்டுபிடித்த மிதப்பிலேயே போனேன்.

மேலூர் வரை இருபத்தைந்து கிலோமீட்டர்தான். மேலூர் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் முருகேசன் போய்வர முந்நூறு ரூபாய் பேசினார். வயல்களைத் தாண்டி வண்டியை நிறுத்தினார்.

“இதாண்ணே நீங்க கேட்ட ஊரு.”

எல்லாம் கிரானைட் கல். குவாரியில் அறுத்த பாளங்களை, நடுவே லாரி போகத் தெரு விட்டு அடுக்கியிருந்தார்கள். லேசர் கருவியால் அளந்தேன். ரேடார் சொன்ன அதே ஐந்தரை மீட்டர்! விசிலடிக்கலாம் போல இருந்தது. கல்லுக்குத் தொட்டி கட்டப் பார்த்தேனே என்று சிரிப்பும் வந்தது. முருகேசன் என்னைவிட அதிகமாகச் சிரித்தார். அப்புறம், தொட்டி கேட்டு ரொம்ப நாளாக அலைகிறவர்கள் பக்கத்துத் தோப்பில் இருக்கிறார்கள் என்றார்.

என் வரைபடத்தில் அது வெறும் தோப்பு. போய்ப் பார்த்தால் புளியமரங்களுக்கும் வேம்புக்கும் அடியில் தெருத் தெருவாகத் தகரக் கூரை வீடுகள். ரேடார் மர உச்சியை அளந்திருக்கிறது. அதைத் தோப்பு என்று நினைத்துப் பச்சை பூசியவன் நான். மொபெட்டில் இரண்டு பக்கமும் குடம் கட்டி மேலூர்ச் சாலையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த செல்வி அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன்.

“எங்கள மரம்னு எழுதிட்டு, கல்லுக்குத் தண்ணி குடுக்க இருந்தீகளா தம்பி?”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தெருத் தெருவாக நடந்து வீடுகளைக் குறித்தேன். தொட்டியைக் கல் அடுக்கிலிருந்து எடுத்து இங்கே வைத்து, அங்கிருந்தே அனுப்பினேன். உயரங்களில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. மாற்ற வேண்டியும் இருக்கவில்லை; ரேடார் அளந்தது சரி, எது வீடு எது மரம் என்று நான் எழுதியதுதான் தப்பு. தொட்டி எப்போது வரும் என்று அக்கா கேட்டார். அது என் கையில் இல்லை, ஆனால் இங்கே ஆளே இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது என்றேன்.

காபி போடப் போனார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பொய் சொல்லிப் பார்த்தேன்.

“குடத்தப் பாத்துட்டுத்தான வேணாங்குறீக? உக்காருங்க. ஊருன்னு எழுதிட்டீகள்ல, ஊருக்கு வந்தவுகள சும்மாவா அனுப்புவோம்?”