ஐந்து நீலச் சட்டைகள்

அவளிடம் ரத்தம் கொடுத்துவிட்டுப் போன ஒரு பெரியவர், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டுத் திரும்பி வந்து, "எப்பம்மா குத்தப் போறே?" என்று கேட்டாராம். சரி, வீட்டுக்குப் போகவில்லை, வாசல்வரை போனார். அதுவும் கூட்டிச் சொன்னதுதான். நாற்காலியை விட்டே எழவில்லை. ஆனால் கேட்டது கேட்டதுதான். அன்றிலிருந்து பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குக் கொசு என்று பெயர்.

கொசுவுக்கு எந்தக் கையிலும் நரம்பு தேடத் தெரியும். அலமாரியில் உடுப்புத் தேடத்தான் தெரியாது.

காலை ஏழு மணிக்குக் கூடத்தைத் திறக்கும் சாவி அவளிடம் இருந்தது. வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் ஆறேமுக்காலுக்கே படியில் உட்கார்ந்துவிடுவார்கள். இவளோ அந்நேரம் அலமாரி முன் தவம் இருப்பாள். பச்சை முந்தாநாள் போட்டது. பூப்போட்டதற்குப் பொருந்தும் பேண்ட் காயவில்லை. மஞ்சளைப் போட்டால் மஞ்சள்காமாலை மாதிரித் தெரியும். அதுவும் ரத்தம் எடுக்கிற இடத்தில்! கட்டிலில் துணி மலையாய்க் குவியும்.

"மேலே வெள்ளைக் கோட்டு மாட்டத்தானே போறே? உள்ளே எதைப் போட்டா என்ன?" என்பான் கணவன்.

"கோட்டைக் கழட்டினப்புறம்?"

"அப்புறம் வீடுதானே. நான் மட்டும்தானே பாக்கப்போறேன்."

"உங்களுக்குக் கண்ணு இருக்குன்னு இன்னும் நம்பிக்கிட்டிருக்கேன், அதான்."

ஒருநாள் ஏழு இருபதுக்கு அவள் ஓடிவந்தபோது, சர்க்கரை நோயுள்ள ஒரு முன்னாள் லாரி டிரைவர் பசியில் தலைசுற்றிப் படியில் சாய்ந்துகிடந்தார். யாரோ தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்ததில் பிழைத்தார். தலைமை டாக்டரம்மா அதிகம் பேசவில்லை.

"இன்னொரு நாள் ஏழு தாண்டினா சாவி கைமாறிடும். நீ உள்ளறையில பாட்டிலுக்கு லேபிள் ஒட்டு."

லேபிள்! நரம்பே தெரியாத குழந்தையின் கையைக் கதை பேசிக்கொண்டே பிடிக்கிற கொசுவுக்கு, பாட்டிலோடு என்ன பேச்சு? அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் மின்சாரம் போனது. இருட்டில் கைக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆறு நாற்பதுக்குக் கூடத்து வாசலில் நின்றாள். பார்க்க முடிந்தால்தானே யோசிக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலமே தையற்காரரிடம் போனாள். கருநீலம், முக்கால் கை, இரண்டு பை, ஒரே அளவில் ஐந்து சட்டை என்றாள்.

"யூனிபார்மா? எந்தப் பள்ளிக்கூடம்மா?"

"என் பள்ளிக்கூடந்தான், அண்ணே. ஒரே ஒரு பொண்ணுதான் படிக்கிறா. அவளும் தினம் லேட்டு."

சட்டைகள் வந்தபின் உடுத்த இரண்டே நிமிடம். மிச்ச நேரத்தில் உட்கார்ந்து, ஆறாத காபி குடித்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் காலையில் அவள் உட்கார்ந்ததைக் கணவன் பார்த்தது அதுதான் முதல் தடவை. உடம்புக்கு என்ன என்று விசாரித்தான். இரண்டாம் வாரம் வரவேற்பு மேசைப் பெண் ஒரு பையை நீட்டினாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரே சட்டையவே போடறீங்க. எங்க வீட்ல நல்லதா நாலு சும்மா கெடக்கு..."

கொசு சிரித்த சிரிப்பில் பஞ்சுப் பெட்டி கவிழ்ந்தது.

வந்தது வினை மூன்றாம் வாரம். துவைப்பது கணவன் வேலை. ஒரு சாயங்காலம் நாற்காலியில் நீலச் சட்டை கிடந்தது. எடுத்து மெஷினில் போட்டான். கதவில் ஒன்று தொங்கியது. 'அட, இதைப் போட மறந்துட்டேனே' என்று அதையும் போட்டான். அலமாரியிலும் ஒன்று. 'போட்டேனே, இங்கே எப்படி வந்தது?' என்று தன் ஞாபகமறதியைத் திட்டிக்கொண்டே அதையும் போட்டான். இப்படியே கண்ணில் பட்ட நீலமெல்லாம் உள்ளே போயிற்று. விடிந்து பார்த்தால் மழை. ஐந்தும் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன.

மணி ஆறு பத்து. கணவன் பால் வாங்கப் போயிருந்தான். கொசு பழைய அலமாரியைத் திறந்தாள். பச்சையைத் தொட்டாள், விட்டாள். பூப்போட்டதை எடுத்தாள், வைத்தாள். கடிகாரம் ஆறு இருபத்தைந்து காட்டியது. படியில் சாய்ந்துகிடந்த டிரைவரின் முகம் கண்முன் வந்தது.

அலமாரியைப் படாரென்று சாத்தினாள். கொடியிலிருந்து ஒரு நீலத்தை உருவிப் பிழிந்து, இஸ்திரிப் பெட்டியால் ஆவி பறக்கத் தேய்த்து, பாதி ஈரத்தோடு மாட்டிக்கொண்டு ஓடினாள். பூட்டில் சாவி திரும்பியபோது ஏழுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. படியில் முதல் ஆளாக அதே டிரைவர்.

"என்னம்மா, கையெல்லாம் ஜில்லுன்னு இருக்கு?"

"இன்னைக்குக் குளிர்சாதனக் கொசு, ஐயா. கையை நீட்டுங்க."

அன்றோடு அவள் நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. இனி எது நனைந்தாலும் நேரத்துக்குப் போய்விடலாம். டாக்டரம்மா சாவிப் பேச்சை மறுபடி எடுக்கவேயில்லை. பழைய அலமாரித் துணியெல்லாம் மூட்டையாக நாத்தனார் வீட்டுக்குப் போயிற்று.

இதையெல்லாம் கொசு வீட்டுக்கு வந்திருந்த பெரியம்மாவிடம் சொல்லி முடித்து உள்ளே போனதும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கணவன் குரலைத் தணித்தான்.

"எல்லாம் சரி, பெரியம்மா. ஆனா கொடியில அஞ்சு இல்ல, நாலுதான். அவ அவசரத்துல எண்ணலை. மெஷினுக்குத் தப்பின அஞ்சாவது, ஸ்வெட்டருக்குள்ள என் மேல இருந்துச்சு. இருட்டுல என்னோடதுன்னு மாட்டிக்கிட்டுப் போயிட்டேன். பால்கடையில பையில கையை விட்டா அவ பேனா வருது! காய்ஞ்ச சட்டையோட வீட்டுக்கு வந்தேன், அவ ஈரத்தோட ஓடிட்டிருந்தா. சொல்லிடாதீங்க."