நேராக ஓடிய விரிசல்

போன வாரம் எங்கள் ஊர் மாதா கோவிலில் முட்டி போட்டிருந்தேன். ஜெபத்துக்கு இல்லை — டேப் பிடித்து விரிசல் அளக்க. கட்டடப் பொறியாளராகிவிட்டால் சொந்த ஊர்க் கோவிலிலும் வேலைதான்.

கோவில்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற ஊர். பெயர் வேண்டாமே... அம்மா இந்தப் பத்தியைப் படிப்பார். கோவில் வெள்ளைக்காரச் சாமியார்கள் கட்டியது. சுண்ணாம்புச் சுவர், வளைவு வாசல், கப்பலில் வந்த மணி.

வழக்கம்போல லிஸ்ட் போட்டேன். கூரை — சரி. சுவர் — லேசான ஈரம். மணிக்கூண்டு — சரி. தரை — கேள்விக்குறி.

வாசலிலிருந்து பீடம் வரை, நட்டநடுவே ஒரே விரிசல். ஸ்கேல் வைத்துக் கீறியதைப் போல. கரிசல் மண் கண்டபடி வெடிக்கும்; நேராக மட்டும் வெடிக்காது.

ஆள் வைத்துத் தரையில் இரண்டு கல்லைப் பெயர்த்துப் பார்த்தேன். கீழே செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு சுவரின் அடித்தளம். அப்படியானால் இதற்கு முன்பே இங்கே ஒரு கோவில் இருந்திருக்குமோ? எனக்கு ஒரே குஷி. போட்டோவாக எடுத்துத் தள்ளினேன்.

பீடத்துக்குப் பூ வைக்க வந்த செல்வராணி குழியை எட்டிப் பார்த்தாள். பள்ளியில் என் பெஞ்சுக்காரி, இப்போது நர்ஸ்.

“ஏட்டி இஞ்சினியரு, என்னத்தக் கண்டுபிடிச்சிட்ட?”

“பழைய கோயிலு சுவருட்டி.”

“பழைய கோயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது நடுச்சுவரு. அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நாங்க. பூசை நேரத்துல எங்க மூஞ்சி உங்க கண்ணுல பட்டுறக் கூடாதுல்லா?”

சாதிச் சுவர். மாதா கோவிலுக்குள். எல்லாரும் சகோதரர்கள் என்று சொல்லக் கடல் தாண்டி வந்தவர்களா இதைக் கட்டினார்கள்?

“உங்காளுக கேட்டாவ, சாமியாருக கட்டிக் குடுத்தாவ. இல்லன்னா கோயிலுக்கே வரமாட்டோம்னுட்டாவளாம். பொறவு வந்த சாமியாரு இடிச்சாரு. மேலதான் இடிச்சாரு.”

“எங்கிட்ட யாருமே சொல்லலையே...”

“எங்க பக்கத்துல பெரியாளுக அம்புட்டு பேருக்கும் தெரியும். நீ எந்தப் பக்கம் உக்காருவ?”

வடக்குப் பக்கம். சின்ன வயதிலிருந்தே. ‘இங்கனதான் ஃபேன் இருக்கு’ என்பார் அம்மா.

செல்வராணியின் மகளுக்கு அடுத்த மாதம் புதுநன்மை. முதல் தடவை நற்கருணை வாங்கும் பிள்ளைகள் பீடத்துக்கு இரண்டு வரிசையாகப் போவார்கள். வரிசை பிரிப்பது மறைக்கல்வி டீச்சர். அந்த டீச்சர்... என் அம்மா.

“எதை வச்சி ரெண்டாப் பிரிக்காவன்னு மவ கேக்கா. நான் என்ன சொல்லட்டும்?”

உயரத்தை வைத்து என்றுதான் நான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

வீட்டில் அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. “கிரானைட் போட்டு மூடச் சொல்லு. ரிப்போர்ட்ல மண்ணு வெடிப்புன்னு எழுதிரு.”

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“சுவருதான் இல்லையே. இல்லாதத எதுக்குச் சொல்லணும்?”

நான் இப்படி எழுதினேன்: ‘தரைக்குக் கீழே நடுச்சுவரின் அடித்தளம் இருக்கிறது. முழுதாகத் தோண்டி எடுக்காமல் மேலே எதைப் போட்டாலும் மறுபடி விரியும்.’ பொறியியல்படியும் அதுதான் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை தெற்குப் பக்கம் போய் செல்வராணிக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். பூசை தொடங்கவில்லை. வடக்கிலிருந்து அம்மா, இங்கே வா என்று கையசைத்தார். மேலே ஃபேனைக் காட்டினார்.

நானும் நிமிர்ந்தேன். எதைப் பார்த்தாலும் எண்ணுகிற கெட்ட பழக்கம் எனக்கு. எண்ணினேன். பிறகு விரல்களை விரித்து அம்மாவிடம் காட்டினேன். அங்கே ஆறு... இங்கேயும் ஆறு.

அம்மா கையை இறக்கினார். ரொம்ப நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை புதுநன்மை ஒத்திகை. முடிந்ததும் செல்வராணியிடமிருந்து மெசேஜ்: ‘ஒரே வரிசை. உயரத்துப்படி. உங்க பக்கத்துல ரெண்டு பேரு அவிய பிள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டாவ. டீச்சர் அசையல.’

கூட்டிக்கொண்டு போய்விட்டார்களா? இப்போதும்? மூன்று முறை படித்தேன்.

பிறகு ரிப்போர்ட்டைத் திறந்து, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்.

மின்விசிறிகள்: வடக்கில் ஆறு, தெற்கில் ஆறு.