இரவல் வாங்கிய பிரெஞ்சுக் கண்ணாடி

சென்ற வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டு கிழமை இருக்கும். நிந்தவூரில் ஒரு கல்யாண வீடு. கல்முனையில் அலங்காரக் கடை வைத்திருக்கும் எனக்கு அந்த வீட்டு மணவறையைச் சோடிக்கும் வேலை கிடைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூட்டமாக வந்து, மணமக்களின் அறையை மூலைமுடுக்கு விடாமல் பார்ப்பார்கள். கட்டில் விரிப்பிலிருந்து யன்னல் சீலை வரை எல்லாவற்றுக்கும் மனதுக்குள் புள்ளி போடுவார்கள். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அன்றைய பெரிய பரீட்சை அந்த அறைதான்.

மணப்பெண் போனில் ஒரு படத்தைக் காட்டினார். பிரெஞ்சு அரண்மனை அறையாம். எங்கு பார்த்தாலும் வளைவு, இலை, பூ, தங்கம். எனக்கு இது புதிதில்லை. கடையில் ஃபைபரில் செய்த சட்டங்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. தங்க ஸ்பிரே அடித்துவிட்டால் எதுவும் அரண்மனைச் சாமான்தான். ஆனால் என்னுடைய கண்ணாடிச் சட்டம் அந்தப் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அசல் பிரெஞ்சுக் கண்ணாடியையே கொண்டுவந்து காட்டுகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

அப்படியொன்று காரைதீவில் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் வீட்டில் இருந்தது. அவர் வீட்டு விசேஷங்களுக்குப் பத்து வருடமாகக் கதிரையும் பந்தலும் கொடுப்பது நான்தான். அவருடைய மாமனார் மலைநாட்டில் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை பார்த்தவர். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊரை விட்டுப் போகும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன பிரெஞ்சுக் கண்ணாடி அது. ஆள் உயரம் இருக்கும். மரத்தில் செதுக்கி, மேலே மெல்லிய தங்க ரேக்கு ஒட்டிய சட்டம். உச்சியில் இறக்கை முளைத்த இரண்டு குழந்தைகள் ஒரு பூமாலையைப் பிடித்துக்கொண்டிருக்கும். கண்ணாடியின் ரசம் ஓரங்களில் கறுத்துப்போயிருந்தது. தங்கம் மட்டும் மங்கவேயில்லை.

கேட்டதும் டீச்சர் மறுக்கவில்லை. பிரான்சில் இருக்கும் மகள் அடுத்த மாதம் விடுமுறையில் வந்து அதைக் கொண்டுபோகப் போகிறார் என்றும், அது மகளுக்கென்று எப்போதோ முடிவாயிற்று என்றும் சொன்னார். போன மாதிரியே திரும்பி வரவேண்டும் என்றார். ஓம் டீச்சர், பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டு ஏற்றிக்கொண்டு வந்தேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரம், கண்ணாடியை அறையில் நிமிர்த்தினோம். மணப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சந்தோஷப்பட்டார். அவருடைய உம்மா மட்டும் உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இதில உருவம் இரிக்கே. தொழுற அறைக்குள்ள உருவத்த வெச்சா மாப்பிள்ள வீட்டாக்கள் என்ன கதைப்பாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பத்து வருடமாகப் பார்த்த கண்ணாடி. டீச்சர் வீட்டு மண்டபத்தில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் இருந்தபோது அந்தக் குழந்தைகள் அங்கே இருக்கவேண்டியவர்களாகத்தான் தெரிந்தார்கள். எங்கள் வீடுகளில் யாரும் உருவச் சிலை வைப்பதில்லை என்பது, ஒரு முஸ்லிமாக இருந்தும், எனக்கு நினைவில் வரவேயில்லை. மணப்பெண் ஆசைப்பட்ட அலங்காரம் மட்டும்தான் கண்ணை நிறைத்திருந்தது.

முதலில் வலைத்துணியால் போர்த்திப் பார்த்தோம். காய்ச்சல்காரனின் நெற்றியில் ஈரத்துணி போட்டது போல இருந்தது. பெண்ணின் முகம் வாடிவிட்டது. டீச்சருக்கு போன் எடுத்து, என்ன செய்யலாம் என்று கேட்க நினைத்தேன். இலக்கத்தையும் எடுத்துவிட்டேன். ஆனால் எப்படிச் சொல்வது? கேட்டவுடன் மனம் நிறைந்து தந்தவரிடம், உங்கள் கண்ணாடியிலுள்ள குழந்தைகள் எங்கள் வீட்டுக்கு ஆகாது என்றா? அவர் என்ன நினைப்பார்? போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டேன். அதுதான் மரியாதை என்று எனக்குப் பட்டது.

பிறகு என் தொழில் புத்தி வேலை செய்தது. மேடை அலங்காரத்தில் பூ ஒட்டுவதற்கு நாங்கள் பாவிக்கும் வெள்ளைப் பசை வாளியில் இருந்தது. அதைக் குழந்தைகளின் மேல் அப்பி, அதில் செயற்கை ரோஜாக்களைக் குத்தி, அந்த இடத்தையே ஒரு பூந்தோட்டமாக்கிவிட்டேன். ஈரத்துணியால் துடைத்தால் பசை போய்விடும் என்பது என் கணக்கு. ஃபைபர் சட்டங்களில் எத்தனையோ தடவை அப்படித்தான் செய்திருக்கிறேன்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்று படம் எடுத்தே களைத்துப்போனார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

மூன்றாம் நாள் கண்ணாடியைக் கடைக்குக் கொண்டுவந்து, ரோஜாக்களைக் கழற்றி, ஈரப் பஞ்சால் பசையை ஊறவைத்துத் துடைத்தேன். பஞ்சு மஞ்சளாக வந்தது. முதலில் எனக்கு விளங்கவில்லை. இன்னொரு தடவை துடைத்தேன். ஒரு குழந்தையின் கன்னத்தில் தங்கம் போய், அடியிலிருந்த சுண்ணப்பூச்சு வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அசல் தங்க ரேக்கு தண்ணீருக்குத் தாங்காது என்பதை அந்த நிமிடத்தில்தான் படித்தேன். காய்ந்த பசையை மெதுவாக உரித்துப் பார்த்தபோது அந்தப் பூச்சோடு மற்றக் குழந்தையின் மூக்கும் பெயர்ந்து கையோடு வந்தது.

பழக்கதோஷம், கை தங்க ஸ்பிரேயைத் தேடியது. ஒரு இறக்கையின் நுனியில் கொஞ்சம் அடித்துப் பார்த்தேன். அந்தப் பழைய தங்கத்துக்குப் பக்கத்தில் டொபி மிட்டாய் சுற்றிய தாள் மாதிரி மினுங்கியது. ஸ்பிரேயை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். விழுந்து உடைந்துவிட்டது என்று சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அப்படி யோசித்ததற்காக இப்போதும் எனக்கு என் மேல் கோபம்தான்.

அன்று பின்னேரமே காரைதீவுக்குப் போனேன். வாகனத்தில் இருந்த கண்ணாடியை டீச்சர் வந்து பார்த்தார். வெள்ளையாகிப்போன அந்தக் கன்னத்தை விரலால் தடவினார். அவருடைய கண் கலங்கியது. நிந்தவூர் வீட்டு உம்மா சொன்னதிலிருந்து ஸ்பிரே அடித்தது வரை ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன்.

டீச்சர் உள்ளே போய் ஒரு ஸ்குரூ ட்ரைவரோடு வந்தார். கண்ணாடியைத் திருப்பச் சொன்னார். பின்பக்கம், உச்சியில் இரண்டு திருகாணிகள். அவற்றைக் கழற்றியதும் குழந்தைகளும் பூமாலையும் தனித் துண்டாக அவர் கைக்கு வந்துவிட்டன. மிச்சச் சட்டம் இலையும் பூவுமாக முழு அழகோடு அப்படியே நின்றது.

"எங்கட வீட்டுக்காரர் இருக்கக்குள்ள உங்கட ஆக்கள்ட கலியாணத்துக்கு இது ரெண்டு தரம் போயிருக்கு தம்பி. இந்தப் புள்ளையள் ரெண்டையும் கழட்டி அலுமாரிக்குள்ள வெச்சிட்டுத்தான் குடுப்பார்."

ஏன் டீச்சர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நானாச் சொன்னா, உங்கள வேற ஆளாப் பாக்கிறன் எண்டு நினைப்பீங்களோ எண்டு இருந்திட்டன். தேவையெண்டா நீங்களே கேப்பீங்கதானே எண்டு நினைச்சன்."

கொழும்பிலிருந்து ஆளைப் பிடித்தாவது சரிசெய்து தருகிறேன் என்றேன். வேண்டாம், இனி அதில் நீங்கள் கை வைக்கவேண்டாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சுருக்கென்று தைத்தது. தைக்கவேண்டியதுதான்.

இனி அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் டீச்சரிடமிருந்து போன் வந்தது. மகள் வந்திருக்கிறார், வீட்டில் சாப்பாடு, ஐம்பது கதிரை வேண்டும் என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. கதிரைகளை நானே கொண்டுபோய் இறக்கினேன். மகள் திரும்பும்போது கண்ணாடியையும் அந்தக் குழந்தைகளையும் அப்படியே கொண்டுபோய்விட்டாராம். அங்கே திருத்த முடிந்ததா என்று டீச்சரிடம் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அன்று போனைச் சட்டைப்பைக்குள் போட்டதை மரியாதை என்று நினைத்தேன். பத்து வருடம் பழகிய ஒருவர் என் ஒரு கேள்வியைத் தாங்கமாட்டார் என்று அவரை அவ்வளவு குறைவாக எடைபோட்டிருந்தேன் என்பதுதான், உரிந்துபோன தங்கத்தைவிட இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.