அப்பா திருப்பி அனுப்பிய மோட்டார் படகு

பாய் தளர்ந்து பாய்மரத்தோடு ஒட்டிக்கொண்ட அந்தக் கணம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அதுவரை அடியில் சலசலத்த தண்ணீர் அடங்கியது. மரக்கரி ஏற்றும் பழைய பாய்மரக் கப்பல் அது. எத்தனை கழுவியும் போகாத கரி எங்கள் உள்ளங்கால்களில் அப்பியிருந்தது. இரண்டு சின்னத் தீவுகளுக்கு நடுவே, போர்டிக்சன் கரை பச்சைக் கோடாகத் தெரியும் தொலைவில் நின்றுவிட்டோம். "அங்கின் தாடா," காற்றில்லை என்று கையை விரித்தார், கப்பலை ஓட்டிவந்த மலாய்க்காரப் பெரியவர். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் எரிச்சலே இல்லை.

அப்பா கோலா சாவாப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, கணக்கெல்லாம் அவர் கையில். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம் அது. தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, ரப்பர் பாலெடுக்கப் போகும் பெண்களின் தூக்குச்சட்டியைக்கூட வேலி வாசலில் போலீசார் கிளறிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட நாளில்தான், லயத்துப் பெண்களையும் பிள்ளைகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலுக்குக் கூட்டிப்போகத் துரையிடம் அப்பா அனுமதி வாங்கினார். அன்று எங்கள் சோற்றுப் பானையை யாரும் திறக்கவில்லை. அதைப் பெரிய சலுகையாக நினைத்து லாரியில் சிரித்துக்கொண்டே போனோம்.

லயத்திலிருந்து ஒரு பெண் மாலை நேரங்களில் எங்கள் வீட்டுக்கு வந்து என்னோடு துணி தைப்பாள். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் வீட்டுக்காரர் முன்பு தொழிற்சங்கத்தில் இருந்தவர். கூலி உயர்வு கேட்டுத் துரை முன்னால் நின்று பேசியவர். அன்று அவருக்குக் காய்ச்சல். மூன்று வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு, அக்கா கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிராணி ஐயா, எப்பத் திரும்புவோம்? அவரு காலையில கஞ்சிகூடக் குடிக்கல."

"காத்து வந்தா போயிடலாம்மா. பயப்படாதே."

சிறிது நேரத்தில் ஒரு மோட்டார் படகு எங்களை நெருங்கியது. கயிறு கட்டிக் கரை வரை இழுத்துப்போவதாக அதிலிருந்தவன் சொன்னான். அப்பா கப்பலின் பின்பக்கம் போய், தாழ்ந்த குரலில் மலாயில் பேசி அவனைத் திருப்பி அனுப்பினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "ஏம்ப்பா?" என்றேன். "பிள்ளைகள் பயந்துடும்," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

காற்று எழுந்து கரை சேர்ந்து, இருட்டும் நேரத்தில் தோட்டத்துக்கு வந்தோம். லயத்துக் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. பாயும் பாத்திரமும் வாசலில் இறைந்திருந்தன. ஆண்கள் திடலில் குந்தியிருந்தார்கள். நாங்கள் இல்லாதபோது போலீஸ்காரர்கள் வந்து சோதனை போட்டு, மூன்று பேரை லாரியில் ஏற்றிப் போய்விட்டார்களாம். அதில் ஒருவர் அக்காவின் வீட்டுக்காரர். அவள் கத்தவில்லை. வீட்டுக்குள் போய், அவர் போர்த்தியிருந்த போர்வையை எடுத்து மடித்தாள். பிறகு அதை உதறினாள், மறுபடியும் மடித்தாள்.

அன்றிரவு அப்பாவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "பக்கத்துத் தோட்டத்துல தேடினப்ப புருஷன் ஓடினான், பெண்டாட்டி பின்னால ஓடினா. ரெண்டு பேரையும் சுட்டுட்டாங்க. இங்க அப்படி நடக்கக் கூடாதுன்னுதான், இன்னிக்குத் தேட வர்றாங்கன்னு தெரிஞ்சதும் பொம்பளைங்களை வெளிய கொண்டுபோறேன்னு துரைகிட்ட சொன்னேன்." அவர் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் அக்காவின் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று என் மனம் அடித்துக்கொண்டது. சொல்லியிருந்தால் அப்பாவையும் லாரியில் ஏற்றியிருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் கழித்துக் கிணற்றடியில் அக்கா என்னை மறித்தாள்.

"தங்கச்சி, உண்மையச் சொல்லு. உங்கப்பாவுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுக்கா," என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் வரவில்லை. அப்பா அவளுக்காக மனுவுக்கு மேல் மனு எழுதினார். ஒன்றுக்கும் பலனில்லை. மாதங்கள் போய், அவரை இந்தியாவுக்குக் கப்பலேற்றுவதாகத் தகவல் வந்தது. அக்கா இங்கேயே, பகாவ் ஊரில் பிறந்தவள். தமிழ்நாட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் மகனோடு அவளும் புறப்பட்டாள்.

போகும் நாளன்று காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "எங்களுக்காக இவ்வளவு எழுதினீங்களே ஐயா," என்று சொல்லி, குனிந்து அப்பாவின் காலைத் தொட்டாள். அப்பா நெருப்புப் பட்டதுபோலக் காலை இழுத்துக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளோ அதைப் பிரிவுத் துயரம் என்று எடுத்துக்கொண்டு, அவருக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

லாரிச் சத்தம் தேய்ந்த பிறகு அப்பா என்னைக் கேட்டார்.

"அவகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கே?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு."

"உண்மையச் சொல்லியிருக்கலாம்மா," என்றார் அப்பா.

"நீங்க இப்பச் சொல்லியிருக்கலாமேப்பா," என்றேன்.

அதன்பிறகு இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் மறுபடி எடுக்கவே இல்லை. அப்பா போய்விட்டார். அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவள்; இன்னும் இருக்கிறாளோ என்னவோ. அவள் தன் மகனிடம் என் அப்பாவை நல்லவர் என்று சொல்லித்தான் வளர்த்திருப்பாள்.