மஞ்சள் தடவிய அம்மைக் கார்டு

நீலசந்திராவில் அம்மை குத்த வந்த முனிகிருஷ்ணனுக்கு எதிரிகள் என்று யாரும் கிடையாது. அவரைக் கண்டதும் எல்லாரும் ஓடினார்கள், அவ்வளவுதான். இது நடந்தது ஐம்பத்தெட்டில்.

அவர் பார்த்தது தற்காலிக வேலை. அதனால் கல்யாணமும் நடுவழியில் நின்றிருந்தது. பெண் பார்த்தாயிற்று, பூ வைத்தாயிற்று. பெண்ணின் அப்பா கிருஷ்ணப்பா, மில் மேஸ்திரி, ஒரே பிடியாக இருந்தார்.

"வேலை பர்மனென்ட் ஆவட்டும் மாப்ளே. அப்பால முகூர்த்தம் பாக்கலாம்."

வேலை பர்மனென்ட் ஆக நீலசந்திராவின் புஜங்கள் மனசு வைக்க வேண்டும். சுகாதார இலாகா தன் பங்குக்கு வீட்டுக்கு வீடு கார்டு அனுப்பியது: இன்ன தேதி முகாம், வராதவர் மேல் நடவடிக்கை. நல்ல பலன். எந்தத் தேதியில் வீட்டில் இருக்கக் கூடாது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

"நீ கார்டு போட்டது நல்லதாப் போச்சு தம்பி," என்றாள் இட்லிக் கடை முத்தம்மா. "அன்னிக்கே பாத்து கோலார் போயிட்டோம்."

முத்தம்மா கடையில் ஒரு கம்பி உண்டு. வந்த கார்டெல்லாம் அதில் குத்தப்படும். இலாகா கார்டு மட்டும் அடுப்புக்குப் போயிற்று. மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணக் கடிதங்கள் கம்பியில் பத்திரமாக இருந்தன. முனிகிருஷ்ணன் நின்று பார்த்தார். மறுநாள் பஜாரில் மஞ்சள்தூள் வாங்கினார்.

அடுத்த முகாமுக்கான கார்டுகளின் நாலு மூலையிலும் மஞ்சள். எழுத்து எல்லாம் பழையபடியே. அவருடைய எண்ணம், மரியாதைக்காவது படிப்பார்கள் என்பது. மஞ்சளைப் பார்த்தவன் எதற்கு மேற்கொண்டு படிக்கிறான்? தேதியையும் இடத்தையும் பார்த்துவிட்டுப் பெட்டியிலிருந்து பட்டுப்புடவையை எடுத்தார்கள். யார் வீட்டுக் கல்யாணம் என்று அடுத்த வீட்டில் கேட்பது கௌரவக் குறைச்சல். அவர்களுக்குத் தெரிந்து நமக்குத் தெரியாமல் இருந்தால்?

ஞாயிறு காலை பள்ளிக்கூட வாசலில் நீலசந்திராவே நின்றது, தலை நிறையப் பூவும் கையில் குத்துவிளக்கும் எவர்சில்வர் குடமுமாக. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வந்த நர்ஸ் டோரீன் ஊசியைப் பிடித்தபடி பார்த்தாள்.

"முனி, இவங்கெல்லாம் யாரு?"

"நம்ம பேஷன்ட்டுங்க மேடம்."

முத்தம்மா முன்னால் வந்தாள். "பொண்ணு எங்கய்யா?"

"பொண்ணு அவங்கப்பா வூட்ல இருக்குக்கா."

"மாப்ள?"

"நான்தான்." முனிகிருஷ்ணனுக்கு வேறு வழி தெரியவில்லை. கிருஷ்ணப்பா போட்ட நிபந்தனையைச் சொன்னார். "நீங்க கைய நீட்டினாத்தான் எனக்குக் கல்யாணம்."

"பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ," என்றாள் முத்தம்மா. சற்று யோசித்தாள். "சாப்பாடு உண்டா?"

"கல்யாணத்துக்கு வடை பாயசத்தோட."

பட்டு ரவிக்கையின் கையை மேலே ஏற்றப் பத்து நிமிஷம் ஆயிற்று. முத்தம்மா நீட்டினாள், பின்னால் எல்லாரும் நீட்டினார்கள். கூட்டத்தைப் பார்த்த மேலதிகாரி அந்த மாதமே வேலையைப் பர்மனென்ட் ஆக்கினார். நீலசந்திராவோ ஒரு வாரம் கை வீங்கிக் காய்ச்சலில் கிடந்தது.

முகூர்த்தம் குறித்ததும் முனிகிருஷ்ணன் ஆசை ஆசையாகக் கார்டுகளில் மஞ்சள் தடவி அனுப்பினார்.

அன்று காலை சத்திரத்தில் மாப்பிள்ளை, பெண், ஐயர், முந்நூறு பேருக்குச் சமையல். விருந்தாளி என்று ஒரு ஈ இல்லை. தெருமுனையில் தலைகள் மட்டும் தெரிந்தன. அந்த நேரம் பார்த்து டோரீன் கறுப்புப் பையோடு வந்தாள். உள்ளே பரிசுக் கடிகாரம்தான். அது தெருவுக்கு எப்படித் தெரியும்? தலைகளும் மறைந்தன.

"ஊரே மதிக்கிற மாப்ளேன்னு சொன்னாங்க," என்றார் கிருஷ்ணப்பா, வாசலைப் பார்த்தபடி.

கடைசியில் முத்தம்மா ஒருத்தி, இடது புஜத்தைக் கையால் பொத்திக்கொண்டு, பின்பக்கமாக உள்ளே வந்தாள். மேடையைப் பார்க்கவில்லை. நேரே சமையற்கட்டுக்குப் போய், ஒவ்வொரு அண்டாவாகத் திறந்து மோந்தாள். பிறகு வாசலில் நின்று தெருவைக் கூப்பிட்டாள்.

"வாங்கடி, சாம்பார்தான்."